முதலாளியே மொழிபெயர்த்த அப்பீல்

அறுபதுகளில் நான் தொழிலாளர் மேல்முறையீட்டு அதிகாரியிடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். செஞ்சிக்கு முகாம் போனால் பயணியர் பங்களாதான் எங்களுக்குக் கோர்ட். ஒருநாள் அங்கே மனுதாரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் அவர் தோளைத் தட்டினாள்.

"அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க. நான் அவரு சம்சாரம், பச்சையம்மா."

மனுதாரர் மன்னார், தொண்டூர்க்காரர். செஞ்சி மளிகைக்கடை ஒன்றில் எடை போடும் வேலை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம் கடையில் நெரியும்போது சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார் என்று முதலாளி தனகோபால் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். அதை எதிர்த்துத்தான் அப்பீல்.

விதிப்படி மனுதாரரின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். இவருக்கு எழுதவும் தெரியாது. நான் எதைப் பதிவது?

அதிகாரி சொன்னார்: "சைகையில சாட்சி சொல்லச் சட்டத்துல இடம் இருக்கு. அதைத் தமிழ்ல சொல்ல ஒரு ஆள் வேணும். அவரும் சத்தியம் பண்ணணும்."

"நான் சொல்றேங்க" என்றாள் பச்சையம்மாள்.

தனகோபால் எழுந்தார். "அது எப்படிங்க? புருசனுக்குச் சாதகமாத்தான சொல்லும்?"

"சரி, நீங்க அவர்கிட்ட எப்படி வேலை வாங்கினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"சைகைலதான். பல வருசப் பழக்கங்க."

"அப்போ நீங்களே சொல்லுங்க. தப்பாச் சொன்னா அந்தம்மா மறுக்கட்டும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

பச்சையம்மாள் கைகளால் விளக்க, மன்னார் முதலாளியை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தனகோபாலும் தயக்கத்தோடு சத்தியம் செய்தார். எதிர்த்தரப்பே மொழிபெயர்த்து நான் பார்த்ததில்லை. என்ன ஆகப்போகிறதோ என்று பேனாவோடு காத்திருந்தேன்.

மன்னாரின் கைகள் பேசின. தனகோபால் சொல்லச் சொல்ல எழுதினேன். "கடைல ஒரே கூட்டம். முதலாளி ஒருத்தர்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தாரு."

அடுத்து மன்னார் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, வாசல் பக்கம் வீசிக் காட்டினார். தனகோபால் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் அதிகாரி.

"வீட்டுக்குப் போன்னு நான் சொன்னேன்றாருங்க."

"அந்தச் சைகைக்கு அதான் அர்த்தமா?"

"ஆமாங்க. கடை கட்டும்போது தெனமும் நான் காட்டுறதுதான்." தனகோபாலின் குரல் இறங்கியது. "அன்னிக்கி அந்த ஆளத்தான் வெளிய போய்யான்னு கைய வீசினேன். அவனுக்குப் பின்னாடி இவன் நின்னுக்கினு இருந்திருக்கான். மறுநாள் வந்து இன்னாவோ காட்டினான். கோவத்துல நான் பாக்கல."

பச்சையம்மாள் எதையும் மறுக்கவில்லை. நீக்கம் செல்லாது, மன்னாரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று உத்தரவானது. விதிப் புத்தகத்தில் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வந்த நான், எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பார்க்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

வெளியே வந்ததும், காலையில் கடைக்கு வரச்சொல்லித் தனகோபால் சைகை செய்தார். மன்னார் பதிலுக்கு ஏதோ காட்டினார். தனகோபால் சிரித்துவிட்டார்.

எனக்கு ஆவல் பொறுக்கவில்லை. பச்சையம்மாளிடம் கேட்டேன்.

"இனிமே சண்ட போட்டா கையக் கட்டிக்கினு போடச் சொல்றாருங்க."