வக்கீலய்யா ரொம்ப நல்லவர்

எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்குப் பக்கத்துக்காரரின் தென்னந்தோப்பு வழியாகத்தான் பாதை. செம்பட்டிப் பக்கம் பாதித் தோட்டங்களுக்கு இப்படி இன்னொருவர் நிலத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பக்கத்துக்காரர் திடீரென்று, அது பொதுப்பாதை இல்லை, தனக்கு மட்டுமே சொந்தம் என்று திண்டுக்கல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அப்பா ஒரு வக்கீலைப் பிடித்து, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மல்லிகைப்பூவும் கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போவார். கோர்ட்டுக்கு மட்டும் போகமாட்டார். "வக்கீலய்யா இருக்கும்போது நான் அங்க போயி நின்னா, அவர நம்பலைன்னு ஆயிரும்ல" என்பார். வக்கீலும் பையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "கேசு நல்லாப் போயிட்டிருக்கு, தைரியமாப் போங்க" என்பார். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வழக்கு நடத்துவது.

ஒருநாள் விடிகாலையில் பூப்பறிக்கப் போனால் பாதையில் கம்பிவேலி நிற்கிறது. பக்கத்துக்காரர் தீர்ப்பு நகலைக் காட்டினார். எங்கள் தரப்பில் பதில் மனுவும் இல்லை, ஆஜராக ஆளும் இல்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி இரண்டு வருடம் ஓடியிருந்தது. வேலிக்குக் கம்பி வாங்க அவருக்கு இப்போதுதான் வசதிப்பட்டதாம். அந்த இரண்டு வருடமும் கத்தரிக்காய் தவறாமல் போயிருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்கு எரியவில்லை. "அய்யாவுக்கு என்ன சோலியோ" என்றார். புகார் எழுதித் தரச் சொல்லி ஊரில் பல வக்கீல்களிடம் ஏறி இறங்கினேன். எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். யார்மேல் புகார் என்று தெரிந்ததும் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற நானே பக்கம் பக்கமாக எழுதி, சென்னையில் வக்கீல்களை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பினேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பயப்படாமல் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று ரயில் முழுக்க அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். தலையாட்டினார். அங்கே வக்கீல் உள்ளே வந்ததும் எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சௌக்கியமாய்யா?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க வக்கீல் மேல என்ன குறை, சொல்லுங்க" என்றார் குழுவில் நடுவில் இருந்தவர்.

எங்கள் ஊரில் ஓர் ஆளை முகத்துக்கு நேரே குறை சொல்வது வழக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் தாராளமாகச் சொல்லலாம். அப்பா அந்த முறையை மீறவில்லை.

"குறை என்னங்கய்யா, அய்யா ரொம்ப நல்லவரு. ஒருநாளு மூஞ்சியச் சுளிச்சதில்ல. எப்பப் போனாலும் கேசு நல்லாப் போயிட்டிருக்குன்னு தெம்பாச் சொல்லுவாரு."

"கடைசியா எப்பச் சொன்னாரு?"

"வேலி போடுறதுக்கு மொத வாரம் கூடச் சொன்னாரு. அன்னைக்கு வெண்டைக்கா கொண்டுபோயிருந்தேன்."

குழுவினர் தீர்ப்புத் தேதியைப் பார்த்தார்கள். பிறகு வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் மேசையைப் பார்த்தார். நான் எழுதிய புகாரை அதற்கப்புறம் யாரும் புரட்டவில்லை.

சில மாதம் கழித்து, அவர் ஒரு வருடம் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாசித்துக் காட்டினேன். "நல்லவருன்னுதானே ஆத்தா சொன்னேன்" என்று அப்பா என்னிடம் வருத்தப்பட்டார்.

உத்தரவு வந்ததால் வேலி நகர்ந்துவிடவில்லை. புது வக்கீல் வைத்து, பழைய தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டோம். கூடவே, இத்தனை தாமதமாக வந்ததை மன்னிக்கும்படியும் ஒரு மனு. தாமதம் வக்கீலுடையது, மன்னிப்புக் கேட்டது அப்பா. இன்றுவரை அது வாய்தாவில்தான் இருக்கிறது. அப்பா பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு சுற்றி வருகிறார். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நல்ல வியாபாரம் முடிந்துவிடுகிறது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்காருவதைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

தடைக்காலம் முடிந்து பழைய வக்கீல் மறுபடி கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் அப்பா வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கே போகிறார். துணைக்கு நானும் போகிறேன். போன மாதம் வாசலில் எதிர்ப்பட்ட அவர், "என்ன பெரியவரே, பாதை கெடச்சுதா?" என்று விசாரித்தார்.

அப்பா வழக்கம்போலத் துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். கையில் பை இல்லை.

"கேசு நல்லாப் போயிட்டிருக்குய்யா. நீங்க தைரியமாப் போங்க" என்றார்.