வயிற்றுக்குள் போன ஐம்பது காசு

சனிக்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் தாய்மாமனின் பொக்கிஷத்தை நான் விழுங்கினேன். அம்மா ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் வந்து இறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மாமாவும் பெரியப்பாவும் ஒரே சமயத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதனால்தான் நேரம் அப்படியே நினைவிருக்கிறது.

போன வாரம் என் மகள் தலைக்கிளிப்பில் இருந்த மணியை விழுங்கிவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். தேனியில் எக்ஸ்ரே அறை வாசலில் நின்ற நேரம்தான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து என் சிறுவயதின் அந்தச் சனிக்கிழமையே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொக்கிஷம் என்றது ஓர் ஐம்பது காசு. கம்பம் பேருந்து நிலையத்தில் டீக்கு மீதியாக மாமாவிடம் வந்தது. சிங்கங்கள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒன்றுக்குப் பாதி முகமே இல்லை. மறுபக்க ஓரத்தில் பிறை போல வெறும் தகடு. அச்சடிக்கும்போதே தகடு விலகிவிட்டது, இதற்கு ஆயிரக்கணக்கில் தருவார்கள் என்று மாமா எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நகைக்கடைத் தராசில் வைத்தும் பார்த்தாயிற்று. சாதாரண ஐம்பது காசின் எடையே இதற்கும். யாராவது ராவியிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். காடை வளர்ப்பிலும் காளான் வளர்ப்பிலும் அவர் கேட்ட கேள்விகளும் நியாயமாகத்தான் இருந்தன. காடைகளும் காளான்களும்தான் ஒத்துழைக்கவில்லை.

ஞாயிறு காலை கம்பத்திலிருந்து ஜவுளிக்கடை ராவுத்தர் காசைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பழைய காசு, பிழைக் காசு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியப்பாவுக்கு அதுவரை பொறுமை இல்லை. பட்டறை இடுக்கியான வைஸில் வைத்து நசுக்கினால் எடை எப்படிக் குறையும் என்பது அவர் கட்சி. ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று சட்டைப்பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தார். காசு அப்போது என் கையில்.

“ஏலே, குடுத்துராத!” என்றார் மாமா.

எனக்குத் தெரிந்த பத்திரமான இடம் வாய் ஒன்றுதான். துப்ப வைப்பதற்காகப் பெரியப்பா முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். காசு உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் ராஜா. மாமா தோட்டத்துக்கு ஓடி பாதித் தார் வாழைப்பழத்தோடு வந்தார். நான் ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததை உரித்து நீட்டினார். தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று என் வயிற்றில் காது வைத்துக் கேட்டார்கள். காசு உருளும் சத்தம் கேட்கிறது என்று ஒருவன் சொன்னதும் வரிசை இன்னும் நீண்டது.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். யாரையும் திட்டவில்லை. ஏலக்காய் வாசம் போகாத கையோடு என்னைத் தூக்கிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். மாமாவும் பெரியப்பாவும் பின்னாலேயே ஏறினார்கள்.

எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று வட்டமாகத் தெரிந்தது. சிங்கம் தெரிகிறதா என்று மாமா கேட்டார். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. காசின் ஓரம் மழுங்கலா, கூரா என்று மட்டும் கேட்டார். மழுங்கல் என்றால் தானாக வந்துவிடும். நசுங்கிப் பிசிறடித்த காசென்றால் குடலைக் கிழித்துவிடலாம், காலையில் மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

அச்சில் விழுந்த பிழை என்று மாமா சத்தியம் செய்தார். நசுக்கிய காசு என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

“நான் தடவிப் பாத்துருக்கேன்க்கா, வழுவழுன்னுதான் இருந்துச்சு.”

“வெரலும் கொடலும் ஒண்ணாடா?” என்றாள் அம்மா.

அதுவரை அந்தக் காசைச் செல்லாக்காசு என்றே சொல்லிவந்தவள், வீடு திரும்பியதும் மாமாவை உட்கார வைத்து அசல் அச்சுப் பிழைக்கு என்னென்ன அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுத்து மழுங்கியிருந்ததா? வெறும் தகட்டில் வைஸ் பல்லின் தடம் இருந்ததா? எனக்கு ஒரே சந்தோஷம். ஆயிரக்கணக்கில் வரும் என்றதும் அம்மாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காசு பிறகு தானாகவே வெளியே வந்தது. நிறம் கறுத்துப் போயிருந்ததால் மாமா நினைத்த விலை கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலை அது இன்னும் என் வயிற்றில்தான் இருந்தது. மதுரைக்குப் பேசியிருந்த கார் வாசலில் நின்றது.

கார் டிரைவர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தபோது, “ராவுத்தர் வந்துட்டாக!” என்று மாமா கத்தினார். வந்தவர் உட்காருவதற்குள் அம்மா எக்ஸ்ரே படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, காசு பார்க்கும் லென்ஸை வைத்துச் சுற்றிலும் பார்த்தார். மாமாவிடம் சில கேள்விகள் கேட்டார்.

“நெசக் காசுதான், தங்கச்சி” என்றார் கடைசியில். “வெட்டியிருந்தா ஒரு பக்கம் நேராகிப் போகும். நசுக்கியிருந்தா பிசிறு நிக்கும். இது ஒரு பக்கம் லேசாப் பொடச்சுருக்கு, விளிம்பு சுத்தமா இருக்கு. அச்சுலயே வெலகுனது. புள்ளைய ஒண்ணும் செய்யாது.”

மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழாதே, பணம் வந்ததும் உனக்குத்தான் முதல் சேலை என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ராவுத்தர் லென்ஸை உறைக்குள் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“வெலையெல்லாம் பொறவு பேசிக்கலாம்லே. போயி ஒங்கம்மாவுக்குத் தண்ணி கொண்டா.”

நான் போய்ச் செம்பில் மொண்டுவந்தேன். காசு இருந்தது என் வயிற்றில், தண்ணீர் எதற்கு அம்மாவுக்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.