கைமண் போடாதவள்

நான் இருக்கும் ஜப்பானியக் கடற்கரை ஊரில் தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். சுனாமி வந்தால் எச்சரிப்பதற்காக வைத்தது. சுனாமி தினமும் வருவதில்லை என்பதால், மற்ற நாட்களில் அதை வைத்துக் காணாமல் போன பெரியவர்களைத் தேடுகிறார்கள். சாம்பல் நிறச் சட்டை, நீலத் தொப்பி, வயது எண்பதுக்கு மேல், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை, பார்த்தவர்கள் நகராட்சிக்குத் தெரிவியுங்கள் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும். மாலைக்குள் அதே குரல் மறுபடி வரும். அவர் கிடைத்துவிட்டார், ஒத்துழைப்புக்கு நன்றி. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு தாத்தா எங்கோ பூங்காவில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனதற்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றும். தேசிங்கு போன பிறகு அந்தக் குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

தேசிங்கு என் தம்பி. பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று அங்கே இருந்தது அவனும் அவன் மனைவி செல்வியும் அவர்கள் மகளும்தான். நான் சென்னையில் ஜப்பானிய மொழி படித்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தேன். இந்த வேலைக்குக் கைகோ என்று பெயர். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், கைபிடித்து நடத்த வேண்டும். பெற்றவர்களுக்குச் செய்யக் கொடுத்துவைக்காததை யார் யாருக்கோ செய்கிறாய் என்று தேசிங்கு ஃபோனில் கிண்டல் செய்வான். அவன் கிண்டலுக்குக் கோபித்துக்கொள்ளவே முடியாது.

ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலை எங்கே மடங்கும் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டிருந்தது. மணலை அள்ளிவிடுங்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒரு விடியற்காலையில் அவன் படகு அங்கே கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரையேறினார். கடலில் ஆள் விழுந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. சுற்றுப்பட்ட குப்பங்கள் எல்லாம் வலையோடு இறங்கித் தேடின. மூன்றாம் நாள் எங்கள் ஆட்கள்தான் அவனைக் கண்டெடுத்தார்கள். கடல் திருப்பிக் கொடுத்த உடம்பை எங்கள் குப்பத்தில் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கரையிலேயே முகம் கழுவி, பொழுது சாய்வதற்குள் மேட்டு மணலில் அடக்கம் செய்து, வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போடுவார்கள். தேசிங்குக்கும் அப்படியே செய்தார்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கீறுவார்கள். மீன் கடித்த உடம்பை இன்னொரு முறை கீற எந்த மனைவிதான் விடுவாள்?

அந்தக் கை மண்ணைப் போட நான் அங்கே இல்லை. செய்தி வந்தபோது ஒரு பாட்டிக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

அதன் பிறகுதான் காகிதத்தின் ராஜ்ஜியம் தொடங்கியது. போஸ்ட்மார்ட்டம் இல்லாததால் அவன் செத்ததற்கு அத்தாட்சி இல்லை. அத்தாட்சி இல்லாததால் படகைச் செல்வி பெயருக்கு மாற்ற முடியாது, உதவித்தொகைக்கு எழுத முடியாது. "அண்ணி, அவுரு செத்துப்போனத நம்ப மாட்டேங்கிறாங்கோ" என்று ஃபோனில் சொன்னாள். அவள் குரலில் அழுகை இல்லை, திகைப்புதான் இருந்தது.

இங்கேயும் அதே கதைதான். துக்க விடுப்புக்கு இறப்புச் சான்று வேண்டும் என்றார் என் மேலாளர் ஹராதா-சான். சான்று இல்லை, அரசாங்கம் அவன் இறந்ததை ஒப்புக்கொள்ளவில்லை என்று விளக்கப் போதுமான ஜப்பானிய மொழி என்னிடம் இல்லை. யுகுயே ஃபுமேய், அதாவது காணவில்லை, என்பதுதான் வாயில் வந்தது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அப்படியானால் நம்பிக்கை இருக்கிறது, போய்த் தேடிவிட்டு வா என்று விடுப்புக் கொடுத்தார். புதைத்துவிட்ட தம்பியைத் தேடுவதற்கு விமானம் ஏறினேன்.

ஊர் போனதும் செல்வியை அழைத்துக்கொண்டு மீன்வளத் துறை ஆபீசுக்குப் போனேன். அதிகாரி கெட்டவரில்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"பொதச்சோம்னு சொன்னா தோண்டித்தான் ஆவணும்மா. டாக்டர், தாசில்தார் எல்லாரும் வந்து நிப்பாங்க. அது வேணாம்னா, ஆளக் காணோம்னு ஒரு புகார் குடுத்துடுங்க. ஏழு வருஷம் போனா எறந்துட்டார்னு கோர்ட்டே சொல்லிடும்."

"நான்தான் சார் மூஞ்சி கழுவனேன்" என்றாள் செல்வி. "நானே எப்டி சார் காணோம்னு சொல்வேன்?"

"எனக்கு மேல ஆளுங்க இருக்காங்கம்மா. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு மேலே ஒருவர் பார்க்கிறார், அவரை இன்னொருவர் பார்க்கிறார். இத்தனை கண்ணும் எங்கள் முகத்துவாரத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் தேசிங்கு இன்றைக்கு வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் அந்த மனிதரின் கண்ணிலும் பயம்தான் தெரிந்தது. அதனால் செல்வியைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்று மாலை ஊர் கூடியது. தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. தோண்ட விடமாட்டேன் என்று செல்வி ஒரே பிடியாக நின்றாள். அப்படியானால் புகார் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது?

"கைமண் போட்டவன் எவனும் காணோம்னு சொல்ல மாட்டான்" என்றார் சித்தப்பா. "அது அவனுக்குப் பண்ற துரோகம்." பிறகு அவர் என்னைப் பார்த்தார். "நீ போடலயேம்மா."

ஊரே போட்ட ஒரு பிடி மண் எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஜப்பானில் தலையணை நனைய அழுதவள் நான். அந்தக் குறையே இப்போது தகுதியாகிவிட்டது. மறுநாள் ஸ்டேஷனில், என் தம்பியை நான் பார்க்கவில்லை, எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் முதல் பாதி பொய்யே இல்லை.

கிளம்புகிற நாளில் செல்வி என்னை மேட்டுக்கு அழைத்துப் போனாள். அவன் மேல் கருவை முள் வெட்டிப் போட்டிருந்தார்கள், நாய் தோண்டாமல் இருக்க. நான் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினேன். செல்வி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. போட்டீங்கன்னா நீங்களும் அடக்கத்துக்கு வந்தவங்களா ஆயிடுவீங்கோ. அப்பறம் கேக்கும்போது காணோம்னு சொல்ல வராது. ஏழு வருஷம் பொறுத்துக்கோங்க."

சொல்லும்போதே அவள் உடைந்துவிட்டாள். கட்டிக்கொண்டு அழுதோம். என் கையை அவள்தான் விரல் விரலாகப் பிரித்து, மண்ணைப் பக்கத்தில் வெறும் தரையில் உதறிவிட்டாள்.

இப்போது மறுபடி இங்கே இருக்கிறேன். ஹராதா-சான் தேநீர் நேரத்தில் மெதுவாக விசாரிக்கிறார், தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று. மதா தெஸ், இன்னும் இல்லை என்கிறேன். ஊர் ஸ்டேஷனிலிருந்தும் விதிப்படி எப்போதாவது ஃபோன் வரும். "தம்பி பத்தி எதுனா தகவல் உண்டாம்மா?" இல்லை சார் என்று வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்துக்கு அவன் எங்கேயோ உயிரோடு இருப்பதாகவே நம்பிவிடுகிறேன். எத்தனை பேர் எத்தனை முறை கேட்டுவிட்டார்கள்! குப்பத்தில் இருக்கும் எல்லாருக்கும் அவன் செத்துப்போனவன். எனக்கு மட்டும் அவன் சாவதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

முதல் வருஷத் திதிக்கு அவனுக்குப் பிடித்த இறால் தொக்கு வைத்துப் படைத்தார்களாம், மகள்தான் இலை போட்டாளாம். சித்தப்பா வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் இங்கே, தன் பெயரைக்கூட மறந்துபோன ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஏழு வருஷம் ஆகவில்லையே, அன்று செல்வி எனக்கு ஃபோன் செய்யவில்லை.