வண்டியை எடுத்தது யார்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மீட்டரில் காட்டாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைத்தே வேலை பார்த்தவன். நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

வளைகுடாவில் ஒரு விமான நிலையம், பெயர் வேண்டாம். ஓடுபாதையின் கோடியில் வரிசையாக ஆன்டெனாக்கள் நிற்கும். பனிமூட்டத்தில் பைலட்டுக்கு எதுவும் தெரியாதபோது, அவை அனுப்பும் அலையைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோபைலட் விமானத்தை இறக்கும். அந்த ஆன்டெனாக்கள் என் பொறுப்பு. முன்னால் ஒரு வண்டி நின்றாலே அலை வளையும், விமானமும் கூடவே வளையும். அதனால் அங்கே ஒரு சிவப்புப் பலகை. பனி நேரத்தில் கண்ட்ரோல் டவரைக் கேட்காமல் அதைத் தாண்டக் கூடாது.

என்னோடு சிவராசா வேலை பார்த்தான், யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிட இளையவன், குள்ளம். பிக்கப்பில் ஏறினால் சீட்டை ஸ்டியரிங் வரைக்கும் தள்ளிவிடுவான். அடுத்து ஏறும் எனக்கு முட்டி இடிக்கும்.

"குழந்தை வண்டியாடா இது?" என்பேன்.

"ஒட்டகத்தின்ர அளவுக்கு வண்டி செய்யிறேல்லை, அண்ணை" என்பான்.

பலகைக்கு வெளியே வந்ததும் வாக்கிடாக்கியின் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவான். டக், டக். வந்துவிட்டேன் என்று அர்த்தம். எங்களுக்குள் அது போதும்.

ஒரு பனிக்காலைப் பொழுதில், ஆன்டெனா பக்கம் மறந்து வைத்த மீட்டரை எடுக்க நான் பிக்கப்பை ஓட்டிப் போனேன். டவரைக் கேட்கவில்லை. இரண்டு நிமிஷ வேலைதானே என்ற திமிர். அந்த நேரத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. தரையை நெருங்கிய பிறகுதான் ஓடுபாதை விளக்குகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதைப் பைலட் பார்த்தார், சட்டென்று மேலே தூக்கிவிட்டார். உள்ளே குழந்தை குட்டிகளோடு எத்தனையோ குடும்பங்கள்.

விசாரணையில் மேலாளர் கேட்டது ஒன்றுதான். "வண்டியை எடுத்தது யார்?"

"சிவராசா" என்றேன்.

அவன் திரும்பி, "அண்ணை?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு மறுத்தும் என் சொல்தான் எடுபட்டது, நான் சீனியர். கலாஸ், வேலை முடிந்தது, விசா ரத்து. அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். சில மாதங்களில் மாரடைப்பில் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டுக்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை.

அடுத்த பனிக்காலம். காலையில் கருவி அறையில் நான் மட்டும். பிக்கப் வாசலில் நிற்கிறது, சாவி என் சட்டைப்பையில். அலையைக் காட்டும் திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிக்கொண்டிருந்த விமானம் மேலே திரும்பும் சத்தம் கேட்டது. டவரிலிருந்து, "பாய், ஆன்டெனா பக்கம் யார் வண்டி?" என்று கத்தினார்கள். "மாஃபி, யாரும் இல்லை" என்றேன். கோடு தானாக நேரானது. அப்புறம் மேஜைமேல் இருந்த வாக்கிடாக்கியில், டக், டக்.

பனி விலகியதும் போய்ப் பார்க்கலாம் என்று பிக்கப்பில் ஏறினேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

மேலாளர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். யாரும் எடுக்கவில்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. போன வருஷம் எடுத்தது நான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதுதான், இங்கேதான் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு வளைகுடாவிலேயே, அல் குசைஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். கார் ஓட்டுவதை விட்டுப் பல வருஷமாகிறது. மகனும் என்னைப் போல நெட்டைதான். பனி மூடிய சில காலைகளில் ஆபீஸ் கிளம்புகிறவன் கீழேயிருந்து போன் செய்கிறான்.

"அப்பா, சீட்டை ஏன் இவ்வளவு முன்னால தள்ளி வச்சிருக்கீங்க? காரை எடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

"ஆமாப்பா," என்கிறேன், "நான்தான் எடுத்தேன்."