வெள்ளிக்கிழமைத் தோசையும் ஞாயிற்றுக்கிழமைப் பாணும்

ரை என்ற குளிர்நாட்டுத் தானிய மாவில் பாண் சுடுவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்னறிவித்தல் வேண்டும். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் கோவைகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு இந்த ஒழுங்கு பிடித்துப்போனதில் வியப்பில்லை. முதல் நாள் குளிர்ப்பெட்டியில் நித்திரையாக இருக்கும் புளிமாவை எழுப்பி, ஒரு பிடி ரை மாவும் அதேயளவு தண்ணீரும் கொடுக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாட்களிலும் அப்படியே. அது எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கப் போத்தலுக்கு வெளியே ஒரு ரப்பர் வளையம் போட்டுவைப்பேன். நான்காம் நாள் கோதுமை மா, உப்பு, கரவே விதை சேர்த்துப் பிசைய வேண்டும். கரவே சீரகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். முகம் ஒன்று, குணம் வேறு. போன முறை மிஞ்சிய பாணில் ஒரு துண்டை ஊறவைத்துப் பிழிந்து புது மாவோடு சேர்ப்பதும் உண்டு. பழைய பாண் புதியதற்குப் புத்தி சொல்லுமாம். ஐந்தாம் நாள், மின்சாரம் இருந்தால், சுடலாம். அவணுக்குள் ஒரு தட்டில் கொதிநீர் வைத்து ஆவி பிடிக்கவிட வேண்டும். வெளியே எடுத்த கையோடு சோளமாக் கஞ்சி பூசினால் தோல் மினுங்கும். அடியில் விரலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரவேண்டும். ஆறும்வரை வெட்டக்கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் எங்கள் வீட்டில் எவரும் மதிப்பதில்லை.

மாவை ரொறன்ரோவிலிருந்து மகள் அனுப்புகிறாள். அனுப்பும்போதெல்லாம், "மன்னாரில இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் அம்மா நியூயோர்க் யூதரின்ர பாண்?" என்று கேட்பாள். பாணுக்கு மருத்துவக் காரணம் ஏதோ சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையான பதிலில் ஒரு பொய்யும் ஒரு களவும் இருக்கின்றன. இரண்டும் என்னுடையவை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மாவின் ஒரே தம்பியான மாமா, சரக்குக் கப்பலில் சமையல்காரராக நாலு வருடம் சுற்றிவிட்டு வீடு வந்தார். அவருடைய பெட்டிக்குள் சென்ட் போத்தலும் நைலோன் சேலையும் இருக்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. இருந்தது ஒரு பை சாம்பல் நிற மா, ஒரு தகரப் பேணி கரவே விதை, லேஞ்சித் துணியில் முடிந்த ஒரு காய்ந்த மாச் சில்லு. கப்பல் பழுதாகி நியூயோர்க்கில் மூன்று மாதம் நின்றபோது, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு யூதக் கிழவரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனவர், பாண் சுடப் பழகிக்கொண்டு வந்திருந்தார். புறப்படும்போது கிழவர் கொடுத்ததுதான் அந்தச் சில்லு. தண்ணீரில் கரைத்து மாக் கொடுத்தால் அது திரும்ப உயிர்க்கும் என்றார் மாமா.

எனக்குத் தெரிந்த யூதர்கள் எல்லாரும் பெரிய வெள்ளி நாடகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கத்துகிறவர்கள். அவர்களுடைய பாணைத் தின்னலாமா என்று கேட்டேன்.

"யேசுவும் யூதர்தான், பிள்ளை. அவருக்கும் பாண் பிடிக்கும்."

மாமா திரும்பிக் கப்பலேறுவதாக இல்லை. அதற்கான காரணம் பக்கத்துக் கடற்கரை ஊரான கீரியில் இருந்தது. மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மூத்த மகள் அவர். போவதற்கு முன்பே மாமா கண்டுவைத்த காரணம். அம்மா மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டுப் போனபோது, சம்மாட்டியார் எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, பிறகு மாமாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"என்ர வள்ளம் விடியப் போனா மத்தியானம் கரைக்கு வரும். உன்ர கப்பல் எப்ப வரும்? என்ர பிள்ளை வருசக்கணக்காக் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது."

இனிக் கடலுக்கே போவதில்லை, போறணை கட்டிப் பாண் சுட்டு விற்கப்போகிறேன் என்றார் மாமா.

"பாண் சுடுற ஆக்கள் இஞ்ச இருக்கினம்தானே?"

"இது வேற பாண், ஐயா."

"அப்ப வாற ஞாயிறு பூசை முடிய உங்கட வீட்டை வாறன். தின்னக் குடு. பிறகு கதைப்பம்."

ஒரு கலியாணம் இப்படி ஒரு றாத்தல் பாணில் வந்து நின்றது. பெண் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததை நான் மட்டும் கண்டேன்.

தம்பி கரையோடு நிற்க வேண்டும் என்பதற்காக அம்மா மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார். செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன் என்பது நேர்த்தி. மாதா அவ்வளவு கேட்டிருக்க மாட்டார் என்பது அப்பாவின் அபிப்பிராயம். ஆனால் அப்பா தலைமன்னாரில் வேலையாக இருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறவர். அவருடைய அபிப்பிராயங்களும் சனிக்கிழமைகளில்தான் வரும். செவ்வாய் விடிய, அயலிலுள்ள இரண்டு பெண்களோடு அம்மா புறப்பட்டார். போகும்போது எனக்கு ஒரேயொரு வேலை சொன்னார். வியாழக்கிழமை அரிசியும் உழுந்தும் ஊறப்போட்டு ஆட்டிவைக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வந்ததும் தோசை சுடலாம்.

அம்மாவின் தலை மறைந்த பிறகுதான் மாமா சில்லைக் கரைத்தார். அவர் பகலெல்லாம் வளவின் பின்பக்கம் ஒரு எண்ணெய்ப் பீப்பாவைக் கிடையாக வைத்து, அதன்மேல் புற்றுமண் குழைத்துப் பூசிப் போறணை கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே புளிமாவுக்குப் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையும் மாலையும் ஒரு பிடி மா, ஒரு சிரட்டை தண்ணீர், மர அகப்பைக் காம்பால் ஒரு கலக்கு, மேலே ஈரத்துணி. புதன்கிழமை அதில் முதல் குமிழி வந்தபோது நான் வளவுக்குள் ஓடிப்போய், "மாமா, உயிர் வந்திட்டுது!" என்று கத்தினேன். வியாழக்கிழமை சட்டிக்குள் காதை வைத்துக் கேட்டால் சின்னச் சத்தமே கேட்டது. சாம்பல் நிறத்தில், புளித்த வாசத்தோடு, அது எனக்கு ஒரு நாய்க்குட்டி மாதிரி இருந்தது. உழுந்தை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

வெள்ளி பின்னேரம் அம்மா அந்த இரண்டு பெண்களோடும் நொண்டி நொண்டி வீட்டுக்குள் வந்தார். நேரே குசினிக்குப் போய்ச் சட்டியின் ஈரத்துணியைத் தூக்கினார். எனக்கு அப்போதுதான் உழுந்து ஞாபகம் வந்தது.

"பாருங்கோ, என்ர பிள்ளை ஆட்டி வைச்சிருக்கிறாள்!" என்று அம்மா சத்தமாகச் சொன்னார். "எப்பிடிப் புளிச்சுப் பொங்கியிருக்குப் பாருங்கோ. நிறத்தைப் பாருங்கோ, குரக்கன் மாவும் கலந்திருக்கிறாள்."

"குடுத்துவைச்சனீங்கள். என்ர வீட்டில ஒண்டு இருக்கு, தின்னத்தான் குசினிக்கு வரும்" என்றார் ஒருவர்.

மற்றவர் என் கன்னத்தைத் தடவினார்.

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். 'அது மாமாவின்ர' என்ற இரண்டு சொல்லே போதும். பிற்காலத்தில் எத்தனையோ பேரிடம், பிழையைக் கண்டவுடன் எழுத்தில் அறிவிக்காதது ஏன் என்று கந்தோரில் விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர்கள் விழிப்பார்கள். அந்த முழி எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன் என் வாழ்நாளில் எவரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு, தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா மாவில் தண்ணீர் விட்டு இளக்கி, உப்புப் போட்டு, பலகையில் காலை நீட்டி இருந்தபடி சுடத் தொடங்கினார். முதல் மூன்று தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டன. அம்மா மாவைக் குறை சொல்லவில்லை, கல்லைத்தான் திட்டினார். கூட வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். எனக்கும் இரண்டு விழுங்கக் கிடைத்தது. நல்ல சம்பலோடு என் நாய்க்குட்டியைத் தின்றேன்.

விளக்கு வைக்கிற நேரம் மாமா மண்ணைக் கழுவிவிட்டு வந்து, அம்மாவுக்கு எதிரே சம்மணம் கட்டி இருந்தார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். கொஞ்சம் ஆறுதலாகச் சப்பினார்.

"மாவு ஆர் ஆட்டினது, அக்கா?"

"வேற ஆர்? உன்ர மருமகள்தான்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கெட்டிக்காரி. நல்லாப் புளிச்சிருக்கு."

ஆறு தோசை சாப்பிட்டார். கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

சட்டி கழுவுகிற சாட்டில், ஓரத்தில் ஒட்டியிருந்ததை எல்லாம் விரலால் வழித்துச் சேர்த்தேன். ஒரு தேக்கரண்டி வந்திருக்கும். அதற்கு இரண்டு பிடி மாவும் தண்ணீரும் கொடுத்து மூடிவைத்தேன். சனி விடியப் பார்த்தால் அது செத்த நண்டு மாதிரிக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. ஆனால் மன்னாரில் பிறந்த பிள்ளைக்கு, மா பொங்காவிட்டால் என்ன செய்வது என்று எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்பத்துக்கு என்ன விடுவார்கள்? அப்பாவுக்காகச் சனிக்கிழமைகளில் வருகிற பனங்கள்ளு முட்டி வாசலில் நின்றது. ஒரு சிரட்டை அள்ளி ஊற்றினேன். மத்தியானம் வந்த அப்பா, முட்டி குறைவு என்று கள்ளுக்காரரோடு சண்டைக்குப் போனார்.

அதே மத்தியானம் மாமா துணியைத் தூக்கினார். மா சட்டி விளிம்புவரை ஏறி நின்றது. அவர் குனிந்து வெகுநேரம் மணந்தார்.

"என்ன குடுத்தனீ?"

"மாவும் தண்ணியும்."

"தண்ணி எங்க அள்ளினனீ?"

"கிணத்தில."

"நல்ல கிணறு" என்றார் மாமா. துணியைத் திரும்ப மூடினார்.

அன்று பின்னேரம் பாவசங்கீர்த்தனத்தில், அப்பாவின் கள்ளைக் களவெடுத்தேன் என்று சொன்னேன். சுவாமி திடுக்கிட்டு, "குடிச்சனியா?" என்றார். "இல்லைச் சுவாமி, மாவுக்கு ஊத்தினனான்." தட்டிக்குப் பின்னால் சுவாமி இருமினார். பிறகு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். தோசை விசயத்தை நான் சொல்லவில்லை. அது தானாக நடந்தது என்று எனக்குள் தீர்ப்பெழுதியிருந்தேன்.

ஞாயிறு விடிய மாமா பீப்பாவின் கீழும் மேலும் சிரட்டைக் கரி போட்டு, உள்ளே ஒரு பேணியில் தண்ணீர் வைத்துப் பாணைச் சுட்டார். கள்ளின் வேகத்தில் அது ஒரு பக்கம் வெடித்து, முகம் கோணிக்கொண்டு வந்தது. கஞ்சி பூசியதும் கோணல் முகம் மினுங்கியது. பூசை முடிந்து, சம்மாட்டியார் வெள்ளை வேட்டியோடு வந்து, நல்ல கதிரையில் இருந்தார். மகளையும் கூட்டிவந்திருந்தார். மாமா அவசரமாக வெட்டியதில் முதல் துண்டு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் வந்தது.

சம்மாட்டியார் கடித்தார். சப்பினார். இன்னும் சப்பினார்.

"புளிக்குதே."

கையிலிருந்த மிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேற்றையான் மீன் குழம்பு இருக்கோ?"

அம்மா நொண்டிக்கொண்டு போய்ச் சூடைமீன் குழம்புச் சட்டியையே தூக்கிவந்தார். சம்மாட்டியார் பாணைக் குழம்பில் தோய்த்தார். இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு. "சீரகம் போட்டிருக்கிறாய், வயித்துக்கு நல்லது" என்றார். நாலாம் துண்டில் நிறுத்தி, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குப் பழக்கமான வாசமொண்டு இதுக்குள்ள இருக்குதடா தம்பி. பிடிபடுகுதில்லை."

"கிணத்துத் தண்ணியாயிருக்கும், ஐயா" என்றார் மாமா.

சம்மாட்டியார் தலையாட்டினார். மாமா அந்தக் கிணற்றுக் கதையை உண்மையாகவே நம்பிவிட்டார் என்று எனக்குப் பெரிய ஆறுதல். போகும்போது சம்மாட்டியார் மிச்சப் பாணைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, "போறணையைக் கொஞ்சம் பெரிசாக் கட்டு. இனி ரெண்டு வீட்டுக்குச் சுட வேணும்" என்றார். அதுதான் சம்மதம்.

கலியாணம் நடந்தது. ரை மா அந்தப் பையோடு தீர்ந்துபோனதால், மாமா ஊரார் எல்லாரும் சுடுகிற பாணையே சுட்டு, இனிப்புப் பணிசும் போட்டு, நன்றாக வாழ்ந்தார். இப்போது எண்பது தாண்டிவிட்டது. பேக்கரியை மகன் பார்க்கிறான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, மகள் அனுப்பிய மாவில் நானே புதிதாகப் புளிமா உண்டாக்கி, ஐந்தாம் நாள் கரண்டி நுனியில் நக்கிப் பார்த்தேன். வாய்க்குள் அந்த வெள்ளிக்கிழமை வந்து நின்றது. இரண்டு தோசை தின்ற எனக்கே அந்தப் புளிப்பு மறக்கவில்லை. மூன்று மாதம் அதற்குள் கையை வைத்துக்கொண்டு நின்ற மாமாவுக்கு?

முதல் பாண் ஒழுங்காக வந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். மாமி வெட்டி, மெல்லிசாக வெண்ணெய் பூசிக் கொடுத்தார். மாமா கட்டுப்பல்லால் ஆறுதலாகச் சப்பினார்.

"நல்லா வந்திருக்கு, பிள்ளை. ஆனா உன்ர அம்மா சுட்ட தோசைக்குக் கிட்டவும் வராது" என்றார். கண் சிரித்தது.

"எந்தத் தோசை?" என்றார் மாமி.

"அது சும்மா ஒரு வெள்ளிக்கிழமைத் தோசை. புளிப்புக் கொஞ்சம் கூட."

அந்த வெள்ளி இரவு மாமா இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நேரே தெரிவது அம்மாவின் கால்கள்தான். கொப்புளம் உடைந்து, நல்லெண்ணெய் பூசி, பழந்துணி சுற்றிப் பலகைக்கு வெளியே நீட்டியிருந்த கால்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்டு போடுங்கோ, அக்கா" என்று ஆறாவது தோசைக்குச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

மாமாவுக்குச் சரியான பசி என்று நான் நினைத்தேன்.