ஃபைல் வந்து சேரும் முன்னே

இன்று பிளஸ் டூ ரிசல்ட். நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டரில் காலையிலிருந்தே கூட்டம்.

மம்சாபுரத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். நம்பரைத் தட்டினேன். ‘இந்த நம்பர் இல்லை’ என்று திரையில் வந்தது.

“ஏட்டி, அப்ப நீ பெயிலா?” என்றார் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பேர் முன்னாலும் அவளை அறைந்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மதுரையிலிருந்து மோடம் வழியாக வரும் ரிசல்ட் ஃபைலுக்காக அது சில நொடிகள்தான் காத்திருக்கிறது. போன் லைன் இழுத்தடித்தால், ஃபைலே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. இன்னும் வராததும் இல்லாததும் அதற்கு ஒன்றுதான்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டு மறுபடி தட்டினேன். பாஸ். நல்ல மார்க்.

அப்பா அவள் தலையைத் தடவப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

“மிஷின் பண்ணுன தப்புதான தாயி. வா, போவம்.”

“மிஷினு என்னைய அடிக்கலையேப்பா” என்றாள். அவருக்கு முன்னால் தனியாகப் படியிறங்கிப் போனாள்.

புரோகிராமைச் சரிசெய்துவிட்டேன். அப்பாக்களுக்கு எத்தனை நொடி வைக்க வேண்டும்? நம் புரோகிராமர்கள் மெயில் குழுவில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.