முனியம்மாளின் கயிறுகள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் முனியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கோட்டைக்குள் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போனது என்று எழுதிவைக்க ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள் இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டார்கள் என்று குறித்துவைக்க இவள் ஒருத்திதான். இரண்டில் எது பெரிய வேலை என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் முனியம்மாள் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு இறால் தடவுவதுதான் பிழைப்பு. வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. கைகள் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். முனியம்மாளும் அப்படித் தடவியவள்தான். ஒரு நாள் திருக்கை முள் காலில் ஏறியது. அதற்குப் பிறகு அவளால் தண்ணீரில் வெகுநேரம் நிற்க முடியவில்லை. கரையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை தண்ணீரில் விழாமல் பார்த்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் எண்ணம். அவள் அதோடு நிறுத்தினால்தானே!

ஓலைக் கொட்டகையில் குறுக்கே ஒரு கழியைக் கட்டி, ஆளுக்கொரு கயிறாகத் தொங்கவிட்டாள். பிள்ளை புதிதாக ஏதாவது செய்தால் அதற்கு ஓர் அடையாளத்தைக் கயிற்றில் முடிவாள். மணலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிய பயலுக்குக் காய்ந்த சேற்று உருண்டை. பாட்டை முழுசாகச் சொன்னவளுக்குப் பனங்குருத்து. அடித்துக்கொண்ட இருவர் தாங்களே சமாதானமாகிவிட்டால், ஒரே கிளிஞ்சலின் இரண்டு பாதிகளை இருவர் கயிற்றிலும். சாயங்காலம் தாய்மார்கள் ஈரச் சேலையோடு வந்து நிற்கும்போது கயிற்றைத் தொட்டுத் தொட்டுக் கதை சொல்வாள்.

"புள்ள கஞ்சி குடிச்சானான்னு கேட்டா, கயித்தக் காட்றா பாரு" என்று சிரிப்பார்கள். ஆனால் கதையைக் கேட்காமல் ஒருத்தியும் வீட்டுக்குப் போனதில்லை.

எல்லோரும் போனபிறகு அவள் கயிறுகளுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காருவாள். ஒரு கயிற்றில் சில நாளாகப் புதிதாக ஒன்றும் ஏறவில்லை என்றால், "புள்ள சும்மா இருந்துச்சா, இல்ல நான் கண்ண மூடிக்கினு இருந்தனா?" என்று தன்னையே வைதுகொள்வாள். ஊரை வைவதற்கு அவளுக்கு வாய் நீளம். தன்னை வைவதற்கு அதைவிட நீளம்.

கோவிந்தம்மாவின் மகள் பொன்னிக்கு ஆறு வயது ஆகப்போகிறது, பேச்சு வரவில்லை. அந்த வயதில்தான் பிள்ளைகளை ஓரத்துத் தண்ணீரில் இறக்கிப் பழக்குவார்கள். அதற்கு முன்பு, தடவும் வரிசைக்குத் தலைவரான சுப்பராயலு பிள்ளையை முழங்கால் தண்ணீரில் முதுகு காட்டி நிறுத்திப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். திரும்பிப் பார்த்தால் பிள்ளை தண்ணீருக்கு ஆச்சு. முகத்துவாரம் பக்கம் நீர் இழுக்கும்போது, கூப்பிட்டதும் ஓடி வருகிற பிள்ளைதான் பிழைக்கும் என்பதால் வைத்த வழக்கம் அது. சுப்பராயலு தொண்டை கிழியக் கத்தினார். பொன்னி குனிந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடங்காத புள்ளமா இது. தண்ணிக்கு ஆவாது" என்றார் கோவிந்தம்மாவிடம். "அமாவாச கழிஞ்சதும் சுண்ணாம்புக்குளத்துல உன் நாத்தனா ஊட்டுக்கு அனுப்பிடு. ஆடு மேய்க்கட்டும்."

கோவிந்தம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை. கொட்டகைக்கு வந்து அழுதாள். "யக்கா, தெனம் நீதான பாக்குற. எம்பொண்ணு அடம் புடிக்கிறதா? நீ சொல்லு."

முனியம்மாளும் அடம் என்றுதான் நினைத்திருந்தாள். பொன்னியின் கயிற்றை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

பெரிய சங்கு ஒன்று. கப்பல் வந்ததற்குக் கோட்டையில் பீரங்கி வெடித்த நாளில் கட்டியது. மற்ற பிள்ளைகள் அலறி அவள் சேலையைப் பிடித்துக்கொள்ள, பொன்னி மட்டும் மணலில் அசையாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். இன்னா தைரியம் என்று மெச்சி முடிந்த சங்கு அது. அதற்குக் கீழே நத்தை, பாசி, கிளிஞ்சல். பனங்குருத்து ஒன்றுகூட இல்லை. கடைசியில் இரண்டு நண்டுக் கொடுக்குகள். பிள்ளைகள் தண்ணீரைத் தட்டி விளையாடியபோது, அந்தப் பக்கம் முதுகு காட்டி முழங்கால் தண்ணீரில் நின்ற பொன்னி சட்டென்று திரும்பிச் சிரித்துக்கொண்டே ஓடி வந்த நாட்கள் அவை.

முனியம்மாள் சங்கைத் தொட்டாள், கொடுக்கைத் தொட்டாள், மறுபடி சங்கைத் தொட்டாள். "அடிப் பாவி! பீரங்கி சத்தம் கேக்காத புள்ளைக்குத் தைரியம்னு சங்கு கட்னியே! நீ இந்தக் கொரல வெச்சிக்கினு கத்துனா மட்டும் கேட்டுடுமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பொன்னியைத் தண்ணீரில் நிறுத்தினாள். பின்னால் நின்று கூப்பிட்டாள். அசைவில்லை. உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரில் தொம்மென்று அடித்தாள். தண்ணீரின் அதிர்வு காலில் பட்டதும் பொன்னி திரும்பி முகம் மலரச் சிரித்தாள். முனியம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று, கால்வலியையும் மறந்து, பைத்தியக்காரி மாதிரி சிரித்தாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் விளையாட்டு. ஒருவர் முதுகு காட்டி நிற்க, இன்னொருவர் தண்ணீரைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் திரும்பு. அடுக்கடுக்காகத் தட்டினால் கரைக்கு ஓடு. தட்டுவதில் பொன்னியை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அவள் கை சின்னதுதான், ஆனால் அந்தக் குவிப்பு அவளுக்கு மட்டும்தான் அப்படி வந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் வாடைக் காற்று போட்டு அடித்தது. முனியம்மாள் பொன்னியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரியோரம் நின்ற சுப்பராயலுவிடம் போனாள்.

"மறுபடியும் இன்னாத்துக்கு? நான்தான் சொல்லிட்டனே" என்றார் அவர்.

"சொன்ன, மாமா. இப்போ உன் வரிசையக் கூப்டு. யாரு திரும்புறாங்கன்னு பாக்கலாம்."

பெண்கள் சற்றுத் தூரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் தடவிக்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு கை குவித்துக் கூவினார். காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. மறுபடியும் கூவினார். ஒரு தலையும் திரும்பவில்லை.

"இவ்ளோ பேரும் அடங்காதவளுங்களா, மாமா?"

"காத்துடி. காத்து அடிக்குது" என்று முனகினார்.

"சரி, புள்ளைக்குப் பின்னால நின்னு தண்ணியத் தட்டு."

பொன்னியைத் தண்ணீரில் நிறுத்தியதும் நம்பாமல்தான் தட்டினார். பொன்னி திரும்பினாள். தள்ளிப் போய்த் தட்டினார். திரும்பினாள். சுப்பராயலுவின் முகத்தில் இருந்த கடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "கூப்டா திரும்புது, ஒத்துக்கிறேன். அதுக்கு ஒரு ஆபத்துன்னா நம்மள எப்படிக் கூப்டும்? வாயே இல்லியே."

"தடவுறவங்களுக்கு மட்டும் வாய் எங்க கீது? பல்லுல பறியக் கடிச்சிக்கினு எவ கத்துவா? நான் முள்ளு குத்தி வுழுந்த அன்னிக்கு யாருக்காவது கேட்டுச்சா?"

முனியம்மாள் பொன்னிக்குத் தூரத்தில் இருந்த வரிசையைக் காட்டினாள். அதில் அம்மா இருப்பது பொன்னிக்குத் தெரியும். இடுப்பளவுக்கு இறங்கி, கையைக் குவித்துக் குறி பார்த்து ஓங்கினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் கத்திக் கூப்பிடுவது நின்று, தண்ணீரைத் தட்டிக் கூப்பிடுவதே வழக்கமாயிற்று. புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்குப் பொன்னிதான் தட்டக் கற்றுக்கொடுத்தாள். முனியம்மாள் அந்தச் சங்கை அவிழ்க்கவில்லை. தப்பாகக் கட்டியதும் கண்ணெதிரே இருக்கட்டும் என்றாள். சுண்ணாம்புக்குளத்து ஆடுகளை வேறு யாரோ மேய்த்தார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு, காதோரம் தண்ணீர் தளும்பத் தடவிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். முதலில் திரும்பியவள் கோவிந்தம்மா. அவள் பல்லில் இருந்த பறி நழுவிக் கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் துள்ளி ஏரிக்குள் போயிற்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மகளை நோக்கி ஓடி வந்தாள்.

"என்னக் கூப்டுச்சி!" என்று காற்றையும் மீறிக் கத்தினாள். "யக்கா, எம்பொண்ணு என்னக் கூப்டுச்சி!"